கிரீஸில் கொழுப்பு

தேங்காயெண்ணெயைத் தலைக்குத் தடவலாம், தோசைக்கு விடலாம், வெட்டுக்காயத்துக்குக்கூட வைக்கலாம். பேரிங்குக்கு மட்டும் விடக்கூடாது. இதை வீட்டில், ஆபீசில், ஆற்றங்கரையில் என்று எல்லா இடத்திலும் சொல்லிச் சொல்லி வாய் வலித்தவன் நான். கேட்கிறவர்கள் நன்றாகத் தலையாட்டுவார்கள். பிறகு வீட்டுக்குப் போய் அதையேதான் விடுவார்கள். நம் ஊரில் கதவு கிறீச்சென்றாலும் அந்தக் கிண்ணம்தான், காது குடைந்தாலும் அந்தக் கிண்ணம்தான்.

திருச்சியில் ஒரு பெரிய தொழிற்சாலையில் மசகுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்த மிஷினுக்கு எந்த ஆயில், எந்த இடத்தில் கிரீஸ், எங்கே இரண்டும் கூடாது என்று தீர்மானிப்பதுதான் வேலை. வீடு எடமலைப்பட்டி புதூரில். என் நண்பர் அதே தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருந்தார். அவர் வீடு ஸ்ரீரங்கத்தில், கோயிலைச் சுற்றிப் போகிற வீதிகளில் ஒன்றில். நண்பர் என்று எழுதிவிட்டேன். அடித்துவிட்டு வேறு என்ன எழுதுவது என்று யோசித்தேன், ஒன்றும் தோன்றவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.

ஓய்வு பெற்றதும் அவர் அமெரிக்காவில் இருக்கும் மகனிடம் போய் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வந்தார். மகன் அவரை ஏரிக்கு அழைத்துப்போய்த் தூண்டில் வீசக் கற்றுக்கொடுத்திருக்கிறான். அங்கே மீனைப் பிடித்து, கொக்கியைக் கழற்றி, திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்களாம். வெங்காயமே நாள் கிழமை பார்த்து நுழைகிற வீட்டு மனிதருக்கு அது பைத்தியமாகப் பிடித்துவிட்டது. மனைவியிடம் வாக்கிங் போவதாகச் சொல்லிவிட்டு அப்பாவும் பிள்ளையும் மீன் பிடித்திருக்கிறார்கள். திரும்பி வரும்போது மூன்று துண்டாகக் கழற்றி மாட்டுகிற ஒரு தூண்டிலையும், நூலைச் சுற்றிவைக்கிற, உள்ளங்கையில் அடங்குகிற ஒரு ரீலையும் டவலில் சுருட்டிப் பெட்டிக்கடியில் வைத்துக் கொண்டுவந்துவிட்டார்.

கொண்டுவந்தவர் நேராக என்னிடம் வந்தார். ஏன் என்னிடம் என்றால், நான் மீன் தின்கிறவன். மீன் தின்கிறவனுக்கு மீன் பிடிக்கத் தெரியும் என்பது அவர் கணக்கு. நான் அதுவரை மீன் பிடித்ததெல்லாம் மார்க்கெட்டில்தான். அதைச் சொல்லாமல் சரி என்றேன். எனக்கும் பொழுது போகவில்லை.

தூண்டிலும் ரீலும் என் வீட்டிலேயே இருந்தன. அவர் வீட்டில் வைக்க முடியாது. வாரத்தில் ஏதாவது ஒரு நாள் காலையில் நான் அவற்றை வண்டியில் கட்டிக்கொண்டு போவேன். அவர் வாக்கிங் செருப்போடு பஞ்சக்கரை ரோட்டில் நிற்பார். கொள்ளிடத்தில் தண்ணீர் வடிந்து அங்கங்கே குட்டையாகத் தேங்கியிருக்கிற இடங்களில் விரால் இருக்கும். ரப்பர் தவளை ஒன்றை நூலில் கட்டி வீசுவோம். அவர் பிடித்த மீனை விட்டுவிடுவார். நான் பிடித்ததை விடமாட்டேன். என் மனைவி வைக்கிற விரால் குழம்பைப் பற்றி அவரிடம் வேண்டுமென்றே விஸ்தாரமாகச் சொல்லுவேன். அவர் காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். அந்தக் காலைகள் எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தன.

என் மனைவிக்கு மட்டும் அவரைப் பற்றி ஒரு குறை இருந்தது. "அவரு நம்ம வீட்ல ஒரு வாய் தண்ணியாவது குடிச்சிருக்காரா, யோசிச்சுப் பாருங்க" என்பாள். குடித்ததில்லை. வரும்போதே பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்துவிடுவார். எங்கள் மகள் கல்யாணத்துக்கு வந்தார், மாதா கோயில் பூசை முடியும்வரை கடைசி வரிசையில் நின்றார், மொய்க் கவரைக் கொடுத்தார், சாப்பிடாமல் போய்விட்டார். ஐயர் சமையல்காரரை வைத்துத் தனிப்பந்தி போட்டிருந்தேன். அவர் ஒருவருக்காகத்தான் அந்தப் பந்தியே. கேட்டதற்கு, "இன்னிக்கு எனக்கு விரதம் சார்" என்றார். பழக்கம் அப்படி, என்ன செய்வது என்று விட்டுவிட்டேன். மனைவி விடவில்லை.

ரீல் வந்த புதிதில் ஒரு நாள் என் வீட்டு வாசலில் பேப்பரை விரித்து அதைப் பிரித்தேன். சின்னச் சாமான்தான், ஆனால் உள்ளே நுணுக்கமான வேலை. நூல் சுற்றியிருக்கிற உருளையின் இரண்டு பக்கமும் பட்டாணி அளவுக்கு இரண்டு பேரிங். வீசும்போது உருளை தலைதெறிக்கச் சுற்றும். அங்கே தையல் மிஷின் ஆயில் மாதிரி நீர்த்த எண்ணெய், அதுவும் ஒரே சொட்டு. கூடினால் சுற்றாது. கைப்பிடிப் பக்கத்து பேரிங்குக்கு அதைவிடக் கெட்டியான ஆயில், ஏனென்றால் அது மெதுவாகச் சுற்றி பாரம் தாங்குகிறது. பல்சக்கரத்துக்கு கிரீஸ். உருளையின் பேரிங்கில் கிரீஸை அப்பிவிட்டால் தவளை காலடியிலேயே விழும். பல்சக்கரத்தில் வெறும் ஆயிலை விட்டால் பல் தேயும். எல்லாவற்றையும் அவருக்கு விளக்கினேன். முப்பது வருஷம் கணக்கு எழுதியவர், நன்றாகக் கவனித்தார். கடைசியில் கிரீஸ் டப்பாவைக் காட்டி ஒரு கேள்வி கேட்டார்.

"இதுல கொழுப்பு இருக்குமோ?"

எனக்கு முதலில் புரியவில்லை. மாட்டுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு. அந்தக் காலத்தில் கிரீஸை அதிலிருந்துதான் செய்தார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கேள்வி தப்பில்லை. சில வகைகளில் இன்றும் இருக்கத்தான் செய்யும்.

"இதுல இல்ல சார். இந்த வகைக்கு ஆமணக்குதான் மூலம். நம்ம வெளக்கெண்ணெய்தான்னு வச்சுக்குங்க."

"நிச்சயமாச் சொல்ல முடியுமா?"

அவருக்காக எனக்குத் தெரிந்த ஒரு பழைய சப்ளையரைக் கூப்பிட்டு விசாரித்தேன். அவன் சிரித்துவிட்டு, சைவம்தான் என்று உறுதி சொன்னான். சொன்னதும் நண்பருக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஆனாலும் அந்த டப்பாவை அவர் தொட்டதில்லை. ஒரு ஈர்க்குச்சியால் எடுத்து வைப்பார், இல்லாவிட்டால் என்னையே வைக்கச் சொல்லுவார். கொக்கி குத்தி ரத்தம் கசிகிற விராலின் வாயை இரண்டு விரலால் பிடிக்கிறவர் அவர். அந்த விரல்களுக்கு கிரீஸ் ஆகாது. அப்போது எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கொள்ளிடத்தில் இரு கரையும் தண்ணீர். மீன்பிடிக்கு வழியில்லை. "ரீல் கொஞ்ச நாள் எங்காத்துல இருக்கட்டும் சார், அப்பப்போ கையில எடுத்துப் பாத்துண்டிருப்பேன்" என்று வாங்கிக்கொண்டு போனார். பழைய மிக்ஸி அட்டைப்பெட்டிக்குள் ஒளித்து வைத்தாராம். வைத்தவர் சும்மா இருந்திருக்கலாம்.

தை பிறந்து தண்ணீர் வடிந்ததும் போனோம். நல்ல பனி. குட்டையில் தாமரை இலைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய விரால் வாயைத் திறந்து மூச்சு எடுத்துவிட்டு உள்ளே போனது. இருவருமே பார்த்தோம். தூண்டிலை அவரிடம் நீட்டினேன். "நீங்க வீசுங்க சார்" என்றேன். வீசினார். தவளை எங்களுக்கு முன்னால் சேற்றில் பொத்தென்று விழுந்தது. மறுபடி வீசினார், மறுபடி அதே சேறு. சத்தத்தில் விரால் எங்கேயோ போய்விட்டது.

ரீலை வாங்கிப் பக்கத்து மூடியைத் திருகிக் கழற்றினேன். உள்ளே வெள்ளையாக உறைந்திருந்தது. மார்கழிக் காலையில் குளிக்கப் போகும்போது எண்ணெய் பாட்டிலுக்குள் பார்ப்போமே, அதே வெள்ளை. மோந்து பார்த்தேன். சிக்குப் பிடித்த தேங்காயெண்ணெய் வாடை.

"என்ன சார் இது?"

"கிரீஸை எல்லாம் மண்ணெண்ணெய் விட்டு அலம்பிட்டேன். மனசு கேக்கலை. ஆத்துக்குள்ள இருக்கோன்னோ."

"நான்தான் விசாரிச்சு சொன்னேனே சார், அதுல கொழுப்பு இல்லேன்னு."

"சொன்னேள். ஆனா நீங்க சொல்றதை வச்சுண்டு நான் எப்படி..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

நிறுத்தியது என் காதில் விழுந்தது. ஆனால் எனக்கு அப்போது பேரிங் மேல்தான் கவலை. ஆற்றுமணலில் உட்கார்ந்து அவரைத் திட்டினேன். முப்பது வருஷம் இதே வேலை பார்த்தவன் சொன்னால் கேட்கக்கூடாதா, எண்ணெய் என்றால் எல்லாம் ஒன்றா என்று கத்தினேன். அவர் குழந்தை மாதிரி நின்று கேட்டுக்கொண்டார். கடைசியில், "சரி பண்ணிடலாமோல்லியோ சார்?" என்றார். அந்தக் குரலில் நான் கரைந்துவிட்டேன்.

வீட்டில் அதைப் பிரித்து வேலை செய்தேன். இறுகின தேங்காயெண்ணெய் சுலபத்தில் போகாது. பேரிங்குகளைப் பெட்ரோலில் ஊறப்போட்டு, குலுக்கி, அழுக்குப் பெட்ரோலைக் கொட்டிவிட்டு மறுபடி ஊறப்போட்டு, பழைய பல்துலக்கும் பிரஷால் பல்சக்கரத்தைத் தேய்த்து எடுத்தேன். காய்ந்ததும் ஒவ்வொன்றையும் பென்சில் முனையில் மாட்டிச் சுண்டிப் பார்த்தேன். ஒன்று கரகரத்தது, அதற்குப் பதில் புதிது வாங்கிப் போட்டேன். ஊசியால் ஒரு சொட்டு எண்ணெய் வைத்துவிட்டுச் சுண்டினால், நின்றுவிட்டதா சுற்றுகிறதா என்று தெரியாத அளவுக்குச் சத்தமே இல்லாமல் ஓடியது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ரொம்ப நல்லாருக்கு, போய் கைய கழுவுங்க" என்றாள்.

ரீல் தயார் என்று போன் செய்தேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆத்துக்கு வாங்கோளேன் சார். எத்தனை வருஷமாப் பழகறோம், நீங்க வந்ததே இல்லையே" என்றார். எந்த இடத்தில் எந்த எண்ணெய் என்று மறுபடி ஒரு முறை நிதானமாகக் காட்டச் சொன்னார்.

வந்ததே இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அதுவே பெரிதாக இருந்தது. வீட்டில் சொன்னேன். என் மனைவி அவள் குறையை எல்லாம் மறந்துவிட்டு என் வெள்ளைச் சட்டையை அயர்ன் பண்ணினாள். "மொத மொத போறீங்க, வெறுங்கையோட போகாதீங்க" என்றாள். கமலா ஆரஞ்சு வாங்கினேன். பையில் அடியில் பழம், மேலே துணியில் சுற்றிய ரீல், எண்ணெய் ஊசி, சின்ன ஸ்க்ரூடிரைவர். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு போனேன். காவிரிப் பாலம் தாண்டும்போது, அவர் வீட்டில் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இந்த வயதில் வெட்கமாகத்தான் இருக்கிறது.

கதவைத் திறந்தது ஒரு அம்மாள். அவருடைய மனைவி. சென்னையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தவர், கூட்டம் ஒத்துக்கொள்ளாமல் அரைமணி முன்னால்தான் திரும்பி வந்திருந்தார் என்பதும், என்னை வரச்சொன்ன வெள்ளிக்கிழமை அந்த அம்மாள் ஊரில் இருக்கமாட்டார் என்று கணக்குப் போட்ட வெள்ளிக்கிழமை என்பதும் எனக்குச் சற்றுப் பிறகுதான் விளங்கியது.

"யாரு வேணும்?"

"சார் இருக்காங்களா? வரச் சொல்லியிருந்தாங்க."

உள்ளிருந்து நண்பர் வந்தார். என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். அவர் முகம் எப்படி இருந்தது என்று எழுத எனக்கு இஷ்டமில்லை.

"மிஷின் ரிப்பேர் பண்றவர்" என்றார். "நான்தான் வரச்சொன்னேன்."

அந்த அம்மாளுக்கு ஒரே சந்தோஷம். "சொல்லவே இல்லையே நீங்க! எத்தனை நாளா ஆள் பாருங்கோன்னு கெஞ்சிண்டிருக்கேன்" என்று அவரிடம் சொல்லிவிட்டு, "வாங்கோ, வாங்கோ, உள்ள வாங்கோ" என்று என்னை அழைத்துக்கொண்டு போனார். கூடத்தின் மூலையில் காலால் மிதிக்கிற தையல் மிஷின் ஒன்று, மேலே துணி போர்த்தி இருந்தது.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இன்றுவரை நாளுக்கு ஒன்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். திரும்பிப் போயிருக்கலாம். பையிலிருந்து ரீலை எடுத்து அந்தக் கூடத்தின் நடுவில் வைத்திருக்கலாம். நான் வெள்ளைச் சட்டையோடு தரையில் உட்கார்ந்தேன். "பழைய துணி ஒண்ணு குடுங்கம்மா" என்றேன்.

மிஷின் ஒன்றும் மோசமில்லை. வருஷக்கணக்காக யாரும் எண்ணெய் விடவில்லை, நூல் பிசிறு அடைத்திருந்தது, அவ்வளவுதான். பையிலிருந்து கருவியை எடுக்கும்போது ஆரஞ்சு ஒன்று உருண்டு வெளியே வரப் பார்த்தது. உள்ளே தள்ளினேன். ரிப்பேர்காரன் பழம் வாங்கிக்கொண்டு வருவானா? பிசிறை எடுத்து, ஒவ்வொரு துவாரத்திலும் ஊசியால் சொட்டு வைத்தேன். ரீலுக்கென்று கொண்டுபோன எண்ணெய். தையல் மிஷினுக்கும் அதுவேதான் சரியான எண்ணெய். நண்பர் ஊஞ்சலின் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எந்த இடத்தில் எவ்வளவு என்று அவருக்கு நிதானமாகக் காட்டிவிட்டேன்.

அந்த அம்மாள் காபி கொண்டுவந்து கொடுத்தார். டவரா டம்ளரில், நுரையோடு. காபி மிக நன்றாக இருந்தது, அதையும் சொல்லியாக வேண்டும். குடித்து முடித்ததும் நண்பர் மறுபடி வாயைத் திறந்தார்.

"அந்தப் பக்கம் குழாய் இருக்கு. அலம்பி வச்சுடுங்கோ."

"ஐயோ, இருக்கட்டும், அப்படியே வச்சுடுங்கோ" என்றார் அந்த அம்மாள். நான் எழுந்துபோய்க் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று அந்த அம்மாள் கேட்டார். "சார் ஏற்கெனவே குடுத்துட்டாங்கம்மா" என்றேன். நண்பர் தரையைப் பார்த்தார். என் நம்பரை வாங்கி அந்த அம்மாள் போனில் பதிந்துகொண்டார். வாசல்வரை வந்து வழியனுப்பியதும் அவர்தான்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி பையைப் பார்த்துவிட்டு, "பழத்தை ஏன் திருப்பிக் கொண்டாந்தீங்க?" என்றாள். வீடு பூட்டியிருந்தது என்றேன். அவள் என் கையைப் பார்த்தாள். நகக்கண்ணில் கறுப்பு எண்ணெய் இருந்தது. ஒன்றும் கேட்காமல் ஆரஞ்சை உரித்து எனக்குப் பாதி கொடுத்தாள்.

அன்று ராத்திரிக்குள் கூப்பிடுவார் என்று நினைத்தேன். மன்னிப்பெல்லாம் வேண்டாம், பதறிப்போய் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை போதும், நானே சிரித்து மழுப்பியிருப்பேன். கூப்பிடவில்லை. அடுத்த வாரம் நான் கூப்பிட்டேன், மணி அடித்து நின்றது. மறுபடி கூப்பிட்டேன், பாதியில் அறுபட்டது. பிறகு நானும் விட்டுவிட்டேன். கொள்ளிடத்துக்கும் போகவில்லை. ரீல் என் பீரோவில் இருக்கிறது. எனக்குப் பொழுது போகாத நாளில் எடுத்து ஒரு சொட்டு வைத்துச் சுற்றிப் பார்க்கிறேன். அருமையாகச் சுற்றுகிறது. எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

போன மாதம் அந்த அம்மாளிடமிருந்து போன் வந்தது.

"தையல் மிஷின் பாக்க வந்தேளே, அவர்தானே? மிஷின் மறுபடி இறுகிண்டுடுத்து. உங்களைக் கூப்பிடலாம்னேன். வேண்டாம், நானே போடறேன்னுட்டு இவர் தேங்காயெண்ணெயை விட்டுட்டார்."

"தேங்காயெண்ணெயா?"

"ஆமாம். கடை ஆயில், கிரீஸ் எதுவும் ஆத்துக்குள்ள வரப்படாதாம். அதுல கொழுப்பு இருக்குமாம்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. அவ்வளவு நாள் அடக்கி வைத்திருந்தது.

"இருக்குங்கம்மா" என்றேன். "ஆனா கிரீஸ்ல இல்ல."

"பின்னே எதுல?" என்று அந்த அம்மாள் வெள்ளந்தியாகக் கேட்டார்.

அவரிடம் போய் அதை எப்படிச் சொல்லுவது? நல்ல காபி கொடுத்தவர். "சார்கிட்ட போனைக் குடுங்க, எந்த எண்ணெய்னு சொல்லிடறேன்" என்றேன்.

"இந்தாங்கோ, அந்த மிஷின்காரர், உங்ககிட்ட பேசணுமாம்" என்பது கேட்டது. ஊஞ்சல் சங்கிலிச் சத்தம் நின்றது. பிறகு அவர் குரல். ஆற்றங்கரையில் எத்தனையோ காலைகளில் என் பக்கத்தில் கேட்ட குரல்.

"ஹலோ, யாரு பேசறது?"

ரீல் என் கையெட்டும் தூரத்தில் இருந்தது. பேர் சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"தையல் மிஷின்காரன்தாங்க" என்றேன். "தேங்காயெண்ணெய் விடாதீங்க. இறுகிப்போனா அப்புறம் எடுக்க முடியாது."

"சரி" என்றார். கொஞ்சம் பொறுத்து, "சரிங்க" என்றார். ரீலைப் பற்றி அவர் கேட்கவில்லை.